பத்தாயிரம் ரூபாய்க்கா ஓட்டு?

கேள்வி: பீகாரில் 2025 தேர்தலுக்குச் சற்று முன்பு பெண்களின் வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் போட்டார்கள். ஆளும் கூட்டணியே ஜெயித்தது. பெண்களின் ஓட்டை இவ்வளவு சுலபமாக வாங்கிவிடலாமா? — வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: வாங்கிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பணம் வந்த நேரம் தவறு. செப்டம்பர் 26 அன்று 75 லட்சம் பெண்களின் கணக்கில் பணம் ஏறியது. பத்தே நாளில் தேர்தல் தேதி அறிவிப்பு. இதை யார் செய்தாலும் நான் கண்டிப்பேன்.

இருந்தாலும் பீகார்ப் பெண்கள் ஓட்டுப்போடக் கிளம்பியது அந்தப் பணத்தைப் பார்த்து அல்ல. 2010 தேர்தலிலேயே அங்கே ஆண்களைவிடப் பெண்களின் வாக்குப்பதிவு சதவீதம் அதிகம். 2025இல் பெண்கள் சுமார் 71 சதவீதம், ஆண்கள் 62. உங்கள் பக்கத்து ஊர் திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் பாருங்கள், எத்தனை பீகார் ஆண்கள்! அவர்கள் இங்கே இருக்க, ஊரில் வீட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போவது மனைவியும் அம்மாவும்தான். கட்சிகள் அவர்களைத் தேடிப் போகாமல் என்ன செய்யும்?

பீகாரில் பல ஆண்டுகள் முதல்வராக இருந்த நிதிஷ் குமார் இதை வெகு காலம் முன்பே புரிந்துகொண்டவர். 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள், அதே ஆண்டில் பஞ்சாயத்துகளில் பெண்களுக்குப் பாதி இடம். அப்புறம் 2015 ஜூலையில் பாட்னாவில் ஒரு கூட்டம். சுயஉதவிக்குழுப் பெண்கள் எழுந்து, சாராயத்தை நிறுத்துங்கள் என்று கத்தினார்கள். மறுபடி ஜெயித்தால் நிறுத்துகிறேன் என்றார். 2016 ஏப்ரலில் நிறுத்தினார். கள்ளச்சாராயச் சாவுகள் தொடர்கின்றன, ஏழைகளே அதிகம் ஜெயிலுக்குப் போனார்கள். அந்தச் சட்டத்தின் மீது எனக்கு நிறையக் குறை உண்டு. ஆனாலும் அது பெண்களே வாய்திறந்து கேட்டு வாங்கிய வாக்குறுதி. பணத்தை அப்படி யாரும் கேட்கவில்லை. எவ்வளவு, எப்போது என்று முடிவு செய்தது ஆட்சியில் இருந்தவர்கள். எனக்கு உறுத்துவது அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இத்தனை பெண்கள் வரிசையில் நின்று ஓட்டுப்போட்டும் பீகார் சட்டமன்றத்தின் 243 இடங்களில் பெண்கள் 29 பேர்தான். நம் ஊரில் 2021இல் இன்னும் மோசம், 234க்கு 12. மகளிர் உரிமைத்தொகை பற்றிப் பேச உங்கள் வீட்டுக்கு வருகிறவரிடம், உங்கள் கட்சி எத்தனை பெண்களுக்கு சீட் கொடுத்தது என்று கேளுங்கள். அதில் ஜெயிக்கக்கூடிய தொகுதி எத்தனை என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.