ஒரே வீடு, இரண்டு பெண்கள், ஒருத்திக்கு மட்டும் ஏன்?

கேள்வி: என் மூத்த பெண்ணுக்கு நண்பர்கள் ஏராளம். இன்ஸ்டாகிராம் பார்ப்பாள், கூப்பிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுவாள். கல்லூரியில் படிக்கும் சின்னவள் யாரிடமும் அதிகம் பேச மாட்டாள், எதற்கெடுத்தாலும் பயம், ஆனால் ராத்திரி இரண்டு மணிவரை ரீல்ஸ். போனைப் பிடுங்கினால் அழுகை. இது அவள் குணமா, கெட்ட பழக்கமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: குணத்துக்கும் பங்கு உண்டு அம்மா. கலகலப்பானவர்கள்தான் சமூக ஊடகங்களுக்கு அடிமையாவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படுவது எளிதில் பதறுகிற, கவலைப்படுகிற சுபாவம்தான். எதையும் ஒழுங்காகத் திட்டமிட்டுச் செய்கிறவர்களிடம் இந்தச் சிக்கல் குறைவு. அதற்காகக் கவலை சுபாவம் உள்ள எல்லோரும் அடிமையாகிவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. பயத்தால் போனுக்குள் போகிறவர்களும் உண்டு, போன் பார்த்தே தூக்கம் கெட்டு பயம் கூடியவர்களும் உண்டு, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும்.

நார்வேயில் பெர்கன் பல்கலைக்கழகத்தின் செசிலி ஆண்ட்ரியாசென் குழு 2012-ல் ஃபேஸ்புக் அடிமைத்தனத்தை அளக்க ஆறு கேள்விகள் தயாரித்தது. எத்தனை மணி நேரம் பார்க்கிறீர்கள் என்று அதில் ஒரு கேள்விகூடக் கிடையாது. எப்போதும் அதே நினைப்பா, இன்னும் இன்னும் வேண்டுமென்று தோன்றுகிறதா, சொந்தக் கவலையை மறக்கத்தான் பார்க்கிறீர்களா, குறைக்க நினைத்தும் முடியவில்லையா, கிடைக்காவிட்டால் தவிப்பா, படிப்போ வேலையோ கெடுகிறதா, இவ்வளவுதான். உங்கள் சின்னப் பெண் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது மூன்றாவதைத்தான். அவள் எதை மறக்கப் பார்க்கிறாள்? வகுப்பில் யாராவது கிண்டல் செய்கிறார்களா, ஆங்கிலத்தில் பாடம் புரியவில்லையா, தனியாகச் சாப்பிடுகிறாளா? அக்காவோடு ஒப்பிடாமல் கேளுங்கள், தயவுசெய்து.

இன்னொன்று, பழியை முழுக்க அவள்மேல் போடாதீர்கள். தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டே இருக்கும்படிதான் அந்தத் திரையை வடிவமைத்திருக்கிறார்கள், நிறுத்துகிற இடமே வராது. அதனால் போனைப் பிடுங்குவதை விட்டுவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லோருடைய போனையும் ஹாலில் சார்ஜ் போடுங்கள், உங்களுடையதும் சேர்த்து. முதல் சில நாட்கள் எரிச்சல் வரும், அப்போது பக்கத்தில் இருங்கள்.

அப்புறமும் தூக்கமும் படிப்பும் கெட்டுக்கொண்டே போனால் மனநல ஆலோசகரிடம் போகலாம். பெங்களூருவில் உள்ள நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே தனி சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போகுமுன் அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். அவள் சம்மதித்தால் அவளே பேசட்டும், இல்லையென்றால் முதலில் நீங்கள் பேசுங்கள்.