அமெரிக்காவில் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதிக்கு வாழ்நாள் பதவி தருகிறார்களே, அதனால் பயமில்லாமல் தீர்ப்பு சொல்ல முடிகிறதா?

சட்டப்படி முடியும். பதவியை லேசில் பிடுங்க முடியாது, சம்பளத்தைக் குறைக்க முடியாது. ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறதே!

நான் கீழமை நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். நம் பக்கம் ஒரு ஜட்ஜ் வந்தால் சில வருஷத்தில் மாறுதல் வந்துவிடும். கட்டி வந்த அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே அடுத்த ஊருக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஃபெடரல் மாவட்ட நீதிபதி பெரும்பாலும் அந்தப் பகுதிக்காரர். கடைசிவரை அங்கேயேதான். காலையில் யாருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னாரோ, சாயங்காலம் அவர் முகத்திலேயே விழிக்க வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் நினைப்பது வேட்டீஸ் வேரிங்கைத்தான். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன்காரர். 1880இல் பிறந்தவர், தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்க் குடும்பம். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கத்திப் படையில் அப்பா சிப்பாய். இவர் நகராட்சிக்கு வக்கீலாக இருந்து, 1942இல், 61 வயதில் ஃபெடரல் நீதிபதி ஆனார். 'நம்மாள்' என்றுதான் ஊர் நினைத்தது.

1946இல் ஒரு வழக்கு வந்தது. ஐசக் வுட்டார்ட் என்ற கறுப்பினச் சிப்பாய் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, சீருடையைக்கூடக் கழற்றாமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் டிரைவரோடு வாய்த்தகராறு. பேட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் இறக்கிவிட, போலீஸ் அதிகாரி அடித்த அடியில் இரண்டு கண்ணும் போயிற்று. அரசுத் தரப்பு வழக்கை ஏனோதானோவென்று நடத்தியது. குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி முழுக்க வெள்ளையர்கள். அவர்கள் உள்ளே போனதும் வேரிங், இருபது நிமிடம் நடந்துவிட்டு வருகிறேன் என்று வெளியே கிளம்பிவிட்டாராம். தான் இல்லாமல் தீர்ப்பை வாங்க முடியாது, அவ்வளவு நேரமாவது உட்கார்ந்து பேசட்டும் என்று. திரும்பி வந்தால் ஜூரி தயாராகக் காத்திருந்தது. குற்றவாளி இல்லை!

எத்தனையோ தீர்ப்பு நாட்களில் கோர்ட் ஹாலில் நின்றவன் நான். அந்த நடை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் புரியும்.

அப்புறம் அவர் பழைய ஆளாக இல்லை. 1947இல், ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் கறுப்பினத்தவரும் ஓட்டுப் போடலாம் என்று தீர்ப்பு எழுதினார். அங்கே அப்போது அந்தக் கட்சி நிறுத்துகிறவரே ஜெயிப்பார், அதனால் அந்த உட்கட்சித் தேர்தல்தான் உண்மையான தேர்தல். நண்பர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். முதல் மனைவியை விவாகரத்து செய்துவிட்டு வடக்கத்திப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்ற கோபமும் ஊருக்கு ஏற்கெனவே இருந்தது. மிரட்டுவதற்காக வீட்டருகே சிலுவையை எரித்தார்கள். 1950இல் ஜன்னலில் கல் விழுந்தது.

என்னைக் கேட்டால் அவருடைய பெரிய காரியம் ஒரு தோற்ற வழக்கு. கிளாரண்டன் கவுன்டியின் கறுப்பினப் பெற்றோர், பள்ளிகளில் சம வசதி வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். அவர்கள் வக்கீல் தர்குட் மார்ஷலிடம் வேரிங், வசதியைக் கேட்காதே, கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளியில் பிரித்து வைப்பதே தவறு என்று மனுவை மாற்றிப் போடு என்றார். அப்படிப் போட்டால் வழக்கு மூன்று நீதிபதிகள் முன் போகும். இரண்டுக்கு ஒன்று என்று தோற்கும், அதுவும் அவருக்குத் தெரியும். ஆனால் அங்கிருந்து அப்பீல் நேராக உச்ச நீதிமன்றத்துக்கு! 1951இல் அப்படியே நடந்தது. பிரித்து வைப்பதே சமமின்மைதான் என்று வேரிங் தனியாக மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1954இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இன ஒதுக்கலை ஒழித்த தீர்ப்பில், சேர்த்து விசாரித்த வழக்குகளில் இதுவும் ஒன்று.

அதற்குள் அவர் ஊரில் இல்லை. எழுபது வயதும் பத்து வருஷ சர்வீசும் இருந்தால் முழுச் சம்பளத்தோடு ஓய்வு பெறலாம். பத்து வருஷம் முடிந்த கையோடு, 1952 பிப்ரவரியில் ஓய்வு பெற்று நியூயார்க் போய்விட்டார். பதவியிலிருந்து அவரை யாராலும் இறக்க முடியவில்லை, சரி. குடியிருக்க விட்டார்களா?

இன்று சார்ல்ஸ்டன் ஃபெடரல் நீதிமன்றக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். முன்பு அதற்கு செனட்டர் ஹாலிங்ஸ் பெயர் இருந்தது. என் பெயரை எடுத்துவிட்டு வேரிங் பெயரை வையுங்கள் என்று ஹாலிங்ஸே கேட்டு, 2015இல் மாற்றினார்கள். (நம் ஊர் அரசியல்வாதி யாராவது இப்படிக் கேட்டதுண்டா?)

வேரிங் 1968 ஜனவரியில் நியூயார்க்கில் இறந்தார். உடலைச் சார்ல்ஸ்டனுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். கறுப்பினத்தவர் இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வெள்ளையர் ஒரு டஜன் இருந்தால் அதிகம்.