சைக்கிளில் வேலைக்குப் போகும் அம்மா துணிக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கேள்வி: மண்டபத்தில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 14,000. கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். இரண்டு பிள்ளைகள். பள்ளிக்குப் போக ஒரு பக்கம் நாலு கிலோமீட்டர், சைக்கிள்தான். மாதம் 900 ரூபாய்க்குக் குறையாமல் ஆன்லைனில் குர்தி, லெக்கிங்ஸ் என்று வாங்குகிறேன், ஆனாலும் காலையில் பீரோவைத் திறந்தால் போட ஒன்றும் இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 12,000 ரூபாய்க்குத் துணி எடுத்தால் ஆறு மாதம் வட்டியில்லாத் தவணையாம். பிப்ரவரியில் மொத்தமாக எடுத்துவிடவா? அல்லது இதெல்லாம் வீண் செலவா?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வீண் செலவு இல்லை. சைக்கிளுக்கு டயர் மாற்றினால் ஆடம்பரம் என்று யாரும் சொல்வதில்லை, வேலைக்குப் போட்டுப் போகிற உடுப்பும் அதே கணக்கில்தான் வரும். பிள்ளைகளுக்கு, அவருக்கு, அப்புறம் மிச்சம் இருந்தால் எனக்கு என்று வாங்குகிறீர்கள் இல்லையா, அந்த மிச்சத்தில்தான் 400 ரூபாய்க் குர்தியாக வந்து குவிகிறது.

தவணை வேண்டாம். பிப்ரவரியில் எடுத்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே வந்துவிடும். விசைப்படகு கரையில் நிற்கும்போது பங்கு ஏது? தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்தாலும் அது அரிசிக்கும் மளிகைக்கும் சரியாகிவிடும், ஜூன் பிறந்தால் பிள்ளைகளின் நோட்டும் யூனிஃபார்மும் வரிசையில் நிற்கும், அதற்கு நடுவே மாதம் 2,000 ரூபாய் தவணை. ஒரு தவணை கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் அதற்கு அபராதம். வட்டி இல்லை என்று சொன்னாலும் செயல்பாட்டுக் கட்டணம் (பிராசசிங் ஃபீ) என்று ஒன்று இருக்கலாம், இருந்தால், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் இருக்கும், பில்லில் பாருங்கள்.

சரி, இப்போது துணிக்கு வருவோம். விலைச் சீட்டைப் பார்க்காதீர்கள், ஒரு தடவை உடுத்த என்ன ஆகிறது என்று பாருங்கள். 400 ரூபாய் ரேயான் குர்தி, வாரம் ஒரு தடவை போட்டு நாலு மாதத்தில் தொளதொளத்துப் போனால், 16 தடவை. தடவைக்கு 25 ரூபாய். நல்ல பருத்தித் துணி எடுத்துத் தைத்த டாப்ஸ், கூலியோடு 650 என்று வையுங்கள், வாரம் ஒரு தடவை இரண்டு வருஷம் போட்டால் 100 தடவை தாண்டும், தடவைக்கு 6.50. விலை கூடியதுதான் மலிவு. ஆனால் இதில் இஸ்திரியையும் சேர்க்க வேண்டும். கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் கட்டினால்தான் அழகு என்கிற சேலையை வாரம் முழுக்க நம்பினால், தேய்க்கிற கூலி ஒரு உருப்படிக்கு 20 என்றாலும் மாதம் 25 நாளைக்கு 500 ரூபாய். துணி வாங்க ஒதுக்கச் சொல்லப் போகும் பணமே அவ்வளவுதான்!

அதனால் உங்களுக்கு வேண்டியது சைக்கிளுக்கு ஏற்ற உடுப்பு. ஆபீஸுக்கு ஏற்றது அதிலிருந்து தானாக வரும், மறுபக்கமாக யோசித்தால் வராது.

முதல் செலவு ஜவுளிக்கடையில் இல்லை, சைக்கிள் கடையில். செயின் கவரும் பின்சக்கரத்துக்கு சாரி கார்டும் போடுங்கள். உங்கள் பேன்ட்களை எடுத்து வலது கால் ஓரத்தைப் பாருங்கள், கருப்பு கிரீஸ் கோடு இருக்கும், சிலதில் பல்சக்கரம் கடித்த ஓட்டை வரிசையாக இருக்கும். அதோடு அந்த பேன்ட் வீட்டு உடுப்பாகிவிடும். எத்தனை நல்ல துணி அப்படிப் போயிருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். துப்பட்டாவை ஓட்டும்போது போடவே வேண்டாம், சுருட்டிப் பையில் வைத்து பள்ளி வாசலில் எடுத்துப் போடுங்கள். பின்சக்கரத்தில் சிக்கினால் போவது துணி மட்டும் இல்லை.

கீழே போடுவதுதான் முதலில் தேய்கிறது, சீட்டில் உரசும் இடத்தில். எனவே கறுப்பு, கருநீலம், பழுப்பு என்று எல்லா டாப்ஸுக்கும் பொருந்துகிற மூன்று பேன்ட் தையுங்கள், துணியும் கூலியுமாக ஒன்று 450. தையற்காரம்மாவிடம் நாலு விஷயம் சொல்லுங்கள்: கால் ஓரம் ஒடுக்கமாக, கவட்டுத் தையல் இரட்டையாக, செல்போன் நிற்கிற மாதிரி ஆழமான பை, டாப்ஸில் பக்க ஓபன் முடியும் இடத்தில் ஒட்டுத் துணி. பெடல் மிதிக்கும்போது அந்த ஓபன் முனையில்தான் கிழியும். ஜிப்பும் இரும்புக் கொக்கியும் கடற்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை விடும், நாடாவோ பிளாஸ்டிக் பட்டனோ போதும். அகலமான அனார்கலியும் பலாசோவும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உங்கள் சாலையில் சரிப்படாது, எனக்கும் பிடித்த உடுப்புதான், என்ன செய்ய.

டாப்ஸுக்குக் காசு செலவழிக்கும் முன் பீரோவின் மேல்தட்டைப் பாருங்கள். அம்மா கொடுத்த பரமக்குடி பருத்திச் சேலை ஒன்றிரண்டு கிடக்கும். ஐந்தரை மீட்டர் சேலையில் இரண்டு டாப்ஸ் தாராளமாக வரும், கூலி மட்டும்தான் செலவு. மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே வைத்து இழுத்துப் பாருங்கள், நூல் விட்டால் அந்த இடத்தைத் தவிர்த்து வெட்டச் சொல்லுங்கள். மீதியைத் தீபாவளித் தள்ளுபடியில் கோ-ஆப்டெக்ஸில் எடுக்கலாம், 30 சதவீதம் குறையும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த உடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. நீங்கள் அந்த எல்லைப் பக்கமே போகத் தேவையில்லை.

இனி கணக்கு. இப்போது வருஷத்துக்கு 10,800 போகிறது. இனி மாதம் 500, தடைக்காலத்தில் மே, ஜூன் இரண்டு மாதம் விட்டுவிட்டு, பத்து மாதத்துக்கு 5,000. சைக்கிள் வேலைக்கு 350, மூன்று பேன்ட் 1,350, நாலு டாப்ஸ் 2,600, ரெயின்கோட் 700. சரியாக 5,000. பழைய சேலை கிடைத்தால் மிச்சமும் ஆகும். சம்பளம் வந்த அன்றே அந்த 500-ஐ அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள், 500 ரூபாய் இருந்தால் கணக்குத் தொடங்கலாம், வட்டி 4 சதவீதம். மாதாமாதம் கட்டுகிற ஆர்.டி. வேண்டாம், அது ஐந்து வருஷத் திட்டம், தீபாவளிக்குத் துணி எடுக்க உதவாது. ஷாப்பிங் செயலியை போனிலிருந்து எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

துவைப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆயுளைக் குறைப்பது அதுதான். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னும் போடுவோம், துணி விறைத்து வெளுத்துப் போகும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிநீர்க் குழாயில் வரும் காவேரித் தண்ணீர் ஒரு வாளி ஒதுக்குங்கள், உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டி நிழலில் போடுங்கள்.

பள்ளியில் சேலைதான் கட்ட வேண்டும் என்று விதி இருந்தால் தலைமையாசிரியையிடம் பேசிப் பாருங்கள். தமிழக அரசு அலுவலகங்களில் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் எதுவும் போடலாம் என்று 2019-லேயே அரசாணை வந்துவிட்டது. தனியார் பள்ளியை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் பேச்சை ஆரம்பிக்க உதவும். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரே ஒரு சேலையைப் பள்ளி அலமாரியில் வைத்துக்கொண்டு போய் மாற்றுங்கள், மழையில் நனைந்து போன நாளுக்கும் அது கைகொடுக்கும். ரெயின்கோட்டை கோட்டும் பேன்ட்டும் தனித்தனியாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், மேலே போர்த்துகிற மாதிரி இருந்தால் காற்று பிடித்துத் தள்ளும். புரட்டாசிக்குள் வாங்கிவிடுங்கள், ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் உங்கள் அளவு கிடைப்பதே பாடு.