ஒளிக்க ஒன்றுமில்லாதவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி படிக்கிறேன். டெலிகிராம் நிறுவனர் பாவெல் துரோவ் பாரிஸில் கைதானதிலிருந்து அவரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசிக்கிறேன். ரஷ்ய அரசு கேட்டும் பயனர்களின் தகவலைக் கொடுக்காமல், கம்பெனியையும் நாட்டையும் விட்டுப் போனவர். அப்படி ஒருவர் ஏன் இந்தியாவில் உருவாகவில்லை? நண்பர்கள் நாங்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பை விட்டு டெலிகிராமுக்கு வந்துவிட்டோம். அப்பாதான் "ஒளிக்க ஒண்ணும் இல்லாதவனுக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

அப்பாவின் கேள்விக்காகத்தான் இந்தப் பதில். நானும் கொஞ்ச காலமாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தியாவில் ஏன் ஒரு துரோவ் இல்லை என்பதை விடுங்கள். யார் எங்கே பிறக்கவில்லை என்று கணக்கெடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

துரோவின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2013 டிசம்பரில், விகே என்ற அவருடைய சமூக வலைதளத்தில் உக்ரைன் போராட்டக் குழுக்களை நடத்தியவர்களின் விவரங்களை ரஷ்ய உளவுத்துறையான எஃப்.எஸ்.பி கேட்டது. அவர் மறுத்தார். அடுத்த மாதமே தன் பங்கை விற்றார், ஏப்ரலில் பதவி போனது, நாட்டைவிட்டு வெளியேறினார். முப்பது வயதுகூட ஆகாத ஒருவர் செய்தது இது. ஆனால் நீங்கள் வாசிப்பை அங்கேயே நிறுத்திவிட்டீர்கள். அவர் உருவாக்கிய விகே தளம் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? அது புதிய உரிமையாளர்களின் கைக்குப் போனது. மறுத்தவர் விமானம் ஏறிவிட்டார். கோடிக்கணக்கானவர்களின் பேச்சு முழுக்க அதே சர்வர்களில், அதே நாட்டில் கிடந்தது. அவர்களுக்கு யார் காவல்?

குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் என் பெரியம்மா தையல் டீச்சராக இருந்தார். வளைகுடாவுக்குப் போனவர்களின் மனைவிமார், எழுத்து அறியாதவர்கள், கடுதாசியை அவரிடம்தான் கொண்டுவருவார்கள். பெரியம்மா வாசித்துச் சொல்வார், பதிலும் எழுதிக் கொடுப்பார். ஒரு பெண் எப்போதும் சொல்வாள், "சத்தமா வாசியுங்க டீச்சரே, எனக்கு ஒளிக்க என்ன கெடக்கு?" உங்கள் அப்பா சொல்வதேதான். அவள் கணவனின் விசாவுக்குக் கடன் கொடுத்த வட்டிக்காரர் ஒருநாள் வந்து, அவன் எவ்வளவு பணம் அனுப்பியிருக்கிறான் என்று கேட்டார். பெரியம்மா கதவைக்கூடத் திறக்கவில்லை. இன்னொரு தரம் வந்தார். அப்போதும் அப்படித்தான். அப்புறம் அவர் பெரியம்மாவிடம் வருவதை நிறுத்திவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பாவின் வள்ளமும் அவரிடம் வாங்கிய கடனில்தான் ஓடியது. அன்று ராத்திரி பெரியம்மா சொல்லிவிட்டார். டிராஃப்டை மாற்றிவிட்டு அந்தப் பெண் வீட்டுக்கு வந்தபோது வட்டிக்காரர் அவள் நடையில் உட்கார்ந்திருந்தார். மகளின் காதுகுத்துக்கு வைத்திருந்த பணம் அது.

பெரியம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். அவரைவிட நேர்மையான மனுஷியை நான் பார்த்ததில்லை. ஆனால் வாசிக்கத் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்தால், அவரை வாசித்துக் காட்ட வைக்க ஏதாவது ஒரு வழி இருக்கும். கடன் இருக்கும், பிள்ளைகள் இருக்கும், சிறை இருக்கும். அந்தப் பெண் அதற்குப் பிறகு யாரிடமும் கடுதாசி கொண்டுபோகவில்லை. மகளின் சிலேட்டை எடுத்து எழுத்துக் கற்றுக்கொண்டாள்.

இப்போது உங்கள் டெலிகிராமுக்கு வருகிறேன். இந்த இடத்தில்தான் உங்கள்மேல் எனக்குக் கோபம். கணினி படிக்கிற பிள்ளை இதைப் பார்த்திருக்க வேண்டாமா? டெலிகிராமின் சாதாரண உரையாடலில் எண்ட்-டு-எண்ட் மறையாக்கம், அதாவது அனுப்பியவரும் பெறுபவரும் தவிர நடுவில் யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டுவது, கிடையாது. 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் அது வரும், அதுவும் இரண்டு பேருக்கு நடுவில் மட்டும். நண்பர்கள் குழுவுக்கு அது இல்லவே இல்லை. நீங்கள் குழுவில் எழுதுகிற ஒவ்வொரு வரியும் அந்தக் கம்பெனி நினைத்தால் திறக்கக்கூடிய நிலையில் அதன் சர்வரில் இருக்கிறது. திறக்கமாட்டோம் என்கிறார்கள். அது வாக்கு. வாக்கு கொடுத்தவரை 2024 ஆகஸ்டில் லெ பூர்ஜே விமான நிலையத்தில் பிடித்தார்கள். ஐம்பது லட்சம் யூரோ ஜாமீன், வாரத்துக்கு இரண்டு தடவை காவல் நிலையத்தில் ஆஜர். அடுத்த மாதமே டெலிகிராமின் விதி மாறியது. முறையான சட்டக் கோரிக்கை வந்தால் குற்ற வழக்குகளில் பயனரின் ஐ.பி. முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கொடுப்போம் என்றார்கள். அந்த வழக்கில் குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படங்கள் பற்றிய குற்றச்சாட்டும் உண்டு. அதைத் தாண்டிக் குதித்துவிட்டுத் தனியுரிமைப் போராளி என்று கொடி பிடிக்காதீர்கள்.

அமெரிக்க அரசின் உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடன் மின்னஞ்சலுக்குப் பயன்படுத்திய லாவாபிட் நிறுவனத்தின் லாடார் லெவிசனும் நல்ல மனிதர்தான். 2013இல் அமெரிக்க அரசு மறையாக்கத்தைத் திறக்கும் சாவியான மறைவிசையைக் கேட்டபோது, கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் பதினோரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தார். நீதிமன்றம் விடவில்லை. நாளுக்கு 5,000 டாலர் அபராதம் போட்டது. சாவியைக் கொடுத்துவிட்டுக் கம்பெனியை மூடினார். சாவி என்று ஒன்று அவர் கையில் இருந்ததுதான் சிக்கல். 2016இல் சிக்னல் என்ற செய்திச் செயலிக்கும் பயனர் விவரம் கேட்டு ஓர் உத்தரவு வந்தது. பயனர்களின் பேச்சைக் காப்பாற்ற அவர்கள் சண்டை போட வேண்டிய தேவையே வரவில்லை. இருந்ததைக் கொடுத்தார்கள்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். வேறு எதையும் அவர்கள் சேர்த்து வைத்திருக்கவில்லை. நான் மதிக்கும் பொறியியல் இது. நீங்கள் படிக்க வேண்டியதும் இதுதான்.

நம் ஊரிலும் தனி மனிதரை நம்பித்தான் இருந்திருக்கிறோம். 1986இல் கடிதங்களைத் திறக்க அரசுக்கு விரிவான அதிகாரம் தரும் அஞ்சல் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்துப் போடாமல் வைத்துக்கொண்டார். பெரிய காரியம்தான். ஆனால் 2023இல் வந்த அஞ்சலகச் சட்டத்தில் கடிதத்தை இடைமறித்துத் திறக்கும் பிரிவு இருக்கிறது. நடுவில், 2017 ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு வந்த பிறகும், ஒரு செய்தியை முதலில் அனுப்பியது யார் என்று கண்டுபிடித்துத் தரவேண்டும் என்ற விதி 2021இல் வந்தது. வாட்ஸ்அப் அதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வாட்ஸ்அப் ஒன்றும் புனிதமானது கிடையாது. யார் யாரிடம் எப்போது பேசினார்கள் என்பது அதற்குத் தெரியும். ஆனால் என்ன பேசினார்கள் என்பதை அதனால் வாசிக்க முடியாது. நீங்கள் விட்டுவிட்டு வந்தது அதை.

அப்பாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தக் கடுதாசிக் கதையைச் சொல்லுங்கள், வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் அவருடைய ஃபோனை வாங்கி வாட்ஸ்அப் பேக்கப்பைப் பாருங்கள். அதற்கான மறையாக்கத்தைத் தனியாக இயக்க வேண்டும், பெரும்பாலானோர் செய்வதில்லை. கடவுச்சொல்லை அப்பாவே போடட்டும், நீங்கள் பார்க்க வேண்டாம். மறந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.