நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறேன். 2013 ஃபார்ச்சூனர், 3 லிட்டர் டீசல், 2 லட்சம் கிலோமீட்டர் நெருங்குகிறது. நின்றபடி ஐடிலில் விட்டால் ஸ்டியரிங்கும் சீட்டும் உதறுகின்றன. ஏசி போட்டால் இன்னும் மோசம். வேகமெடுத்துவிட்டால் ஒன்றும் தெரிவதில்லை. நான்கு இன்ஜெக்டரும் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். தெரிந்தவர் ஒருவர் ரீகண்டிஷன் செட் பாதி விலைக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்தத் தெரிந்தவரிடம் வாங்காதீர்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றத்தான் வேண்டுமா என்பதை அப்புறம் பார்ப்போம்.

இன்ஜினின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை யாராவது போட்டுப் பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. இந்த இன்ஜின் ஐடிலில் ஓடும்போது எந்த சிலிண்டர் சோர்கிறதோ அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவும், துள்ளுவதற்குக் குறைவாகவும் டீசலைக் கம்ப்யூட்டரே கொடுத்துச் சமன் செய்கிறது. எவ்வளவு கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது என்பது ஸ்கேனரில் நான்கு எண்களாகத் தெரியும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. கூட்டலோ கழித்தலோ 3-ஐத் தாண்டினால் அந்த சிலிண்டர் மேல் சந்தேகம். ஒன்று மட்டும் தாண்டியிருக்க நான்கையும் கழற்றுவானேன்? ரீடிங்கைக் காட்டாமல் எஸ்டிமேட்டை மட்டும் நீட்டுவதே பெரிய சர்வீஸ் சென்டர் முதல் தெருமுனை ஒர்க்‌ஷாப் வரை வழக்கமாகிவிட்டது. கேட்டால் "உங்களுக்குப் புரியாது சார்" என்பார்கள். நான்கு எண் யாருக்குப் புரியாது?

அதற்கும் முன்னால் நீங்களே ஒன்று பார்க்கலாம். உதறும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் உதறினால் பெரும்பாலும் இன்ஜின் மவுண்டிங் ரப்பர்தான். முள்ளும் ஏறி இறங்கினால் டீசலிலோ காற்றிலோ கோளாறு.

டீசல் என்றால் முதலில் ஃபில்டர். அடியில் தண்ணீர் நிற்கும், வடித்துப் பாருங்கள். யாராவது மலிவாகக் கேனில் டீசல் கொடுத்தால், படகுக்கு வந்தது என்றோ என்னவோ சொல்லி, அதை டேங்கில் ஊற்றவே ஊற்றாதீர்கள். அதிலிருக்கும் தண்ணீரும் கசடும் இன்ஜெக்டரையே தின்றுவிடும். காற்றுப் பக்கம், புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வில் கரி அப்பியிருக்கும், கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று ஒருவர் கட்டாயம் யோசனை சொல்வார். கேட்காதீர்கள், அது சட்டவிரோதம். டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள், அதனால் இப்படிப்பட்ட வண்டிகள் அங்கே மாட்டாமல் போகலாம். வண்டியைப் பார்க்காமலே சான்றிதழ் அச்சாகும் இடங்கள் வேறு இருக்கும்போது என்ன சொல்வது!

நம் கரைக்கே உரிய இன்னொன்று உப்புக்காற்று. பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயர்களில் பச்சை பூத்திருந்தால் சென்சார்கள் தப்புக் கணக்கு சொல்லும். தனுஷ்கோடியில் அலை நுனிவரை வண்டியை இறக்கிப் படம் எடுப்பவர்களுக்கு இது சீக்கிரமே வரும்.

இப்போது அந்த ரீகண்டிஷன் செட்டுக்கு வருவோம். பழைய இன்ஜெக்டரைக் கழுவி, முனையைப் பளபளவென்று தேய்த்து, புது டப்பாவில் போட்டால் அதற்கும் ரீகண்டிஷன் என்றுதான் பெயர். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனிக் குறியீடு (கோட்) உண்டு. மாற்றியதும் அதை ஸ்கேனர் வழியே கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும். "கோட் எல்லாம் தேவையில்லை" என்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு பழுதானது ரீடிங்கில் தெரிந்தால், கழற்றியதை மதுரையில் இன்ஜெக்டரைச் சோதிக்கும் பெஞ்ச் வைத்திருக்கும் டீசல் பம்ப் கடையில் கொடுத்து டெஸ்ட் ஷீட்டும் பில்லும் வாங்குங்கள்.

இன்ஜெக்டரைத் தொடாதே என்று இவ்வளவு சொன்னாலும், உங்கள் இன்ஜினில் ஒரு கோளாறு தெரிந்தால் அவசரமாகக் கழற்றத்தான் வேண்டும். இன்ஜெக்டர் உட்காரும் இடத்தில் ஒரு காப்பர் வாஷர் இருக்கிறது. அது தளர்ந்தால் எரிந்த வாயு மேலே கசியும். வேறு பல டீசல் இன்ஜின்களில் அது வெளியே வந்து சுக் சுக்கென்று சத்தம் காட்டிக்கொடுக்கும். இதில் அந்த இடம் இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவருக்கு உள்ளே இருப்பதால் வெளியே தெரியாது. கரி நேராக ஆயிலில் கலந்து தார் மாதிரிக் கட்டியாகி, அடியில் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். சல்லடை அடைத்தால் பேரிங்குக்கு ஆயில் போகாது, இன்ஜின் ஜாம். இன்ஜெக்டர் விலையெல்லாம் அப்போது சில்லறையாகத் தெரியும். வாஷரின் விலையோ கேட்டால் சிரிப்பீர்கள்.

அடுத்த ஆயில் மாற்றத்தின்போது, ஆயிலை வடித்தபின் அந்தத் துளை வழியே சிறு கேமராவை விட்டுச் சல்லடையைப் பார்க்கச் சொல்லுங்கள். கரிக்கட்டி தெரிந்தால் இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியை (ஆயில் பேன்) இறக்கிக் கழுவி, நான்கு வாஷரையும் புதிதாகப் போட வேண்டும். யார் எதற்காக இன்ஜெக்டரைக் கழற்றினாலும் பழைய வாஷரையே திருப்பிப் போட விடாதீர்கள். இடையில் ஆயில் லைட் ஒரு முறை மின்னினாலும் ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கேயே ஆஃப் செய்துவிட்டு, இழுத்துப் போக வண்டி வரச் சொல்லுங்கள்.