தேர்ந்தெடுத்தது அரசு அலுவலகம், ஆஃபர் லெட்டர் தருவது யாரோ: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஜாவா டெவலப்பர் வேலைக்கு நேர்காணல் முடிந்து தேர்வாகியிருக்கிறேன். அவர்களுடைய பட்டியலில் உள்ள ஏஜென்சி மூலமாகத்தான் எடுப்பார்களாம். ஆனால் ஆஃபர் லெட்டர் வந்திருப்பது அந்த ஏஜென்சியின் 'பார்ட்னர்' என்று சொல்லிக்கொள்ளும் வேறொரு கம்பெனியிடமிருந்து. மாதம் 55,000 ரூபாய், ஜிஎஸ்டி போகத்தான் இந்தத் தொகை, பிஎஃப் கிடையாது, டிகிரி ஒரிஜினலை ஒப்படைக்க வேண்டும் என்கிறார்கள். இதற்கு முன் மூன்றரை ஆண்டு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். சேரலாமா?

பதில்: வேலையில் சேரலாம். ஆனால் இந்த லெட்டரில் கையெழுத்துப் போடாதீர்கள். பட்டியலில் இருக்கும் ஏஜென்சியே தன் பெயரில் நியமனக் கடிதம் தரட்டும், அப்போது சேருங்கள். 'பார்ட்னர்' தரும் கடிதம் வேண்டவே வேண்டாம்.

இது நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை ஆள் தேவைப்படும்போதும் டெண்டர் விட அலுவலகங்களால் முடியாது. அதனால் சில ஏஜென்சிகளை முன்கூட்டியே தேர்வு செய்து, இன்ன திறமைக்கு, இத்தனை ஆண்டு அனுபவத்துக்கு, மாதம் இவ்வளவு என்று ரேட் பேசி வைத்துவிடுவார்கள். மத்திய அரசில் பலர் நிக்சி என்ற அரசு ஐடி நிறுவனம் வைத்திருக்கும் பட்டியலைப் பயன்படுத்துவார்கள், அல்லது ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்தில் ஏலம் விடுவார்கள். ஆள் வேண்டும்போது ஒரு வொர்க் ஆர்டர் போனால் போதும். ஏஜென்சி பயோடேட்டா அனுப்பும், அலுவலகம் நேர்காணல் நடத்தும். உங்களைப் பொறுக்கியெடுப்பது அலுவலகம், வேலைக்கு வைத்திருப்பது ஏஜென்சி. மாதக் கடைசியில் உங்கள் வருகைப் பதிவை அதிகாரி கையெழுத்திட்டுத் தருவார், அதை இணைத்து ஏஜென்சி பில் போடும்.

இந்த ஏற்பாட்டில் மூன்றாவது கம்பெனிக்கு வேலையே இல்லை. இத்தகைய ஒப்பந்தங்களில் வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை வழக்கமாகவே இருக்கும். ஆனாலும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. பட்டியலில் இடம் பிடித்த பெரிய ஏஜென்சிகள் சிலவற்றிடம் ஆள் தேடும் அமைப்பே கிடையாது. அவர்களிடம் இருப்பது பட்டியலில் உள்ள பெயர் மட்டும்தான். ஆள் பிடிக்கும் வேலையை ஒரு சின்னக் கம்பெனியிடம் விடுவார்கள், அது இன்னொரு புரோக்கரிடம் விடும். கணக்குக்காக ஒரு லட்சம் ரூபாய் ரேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ளவர் இருபதாயிரம் எடுத்துக்கொண்டு, நடுவில் இருப்பவர் இருபத்தைந்தாயிரம் எடுத்துக்கொண்டால், உங்கள் கைக்கு வருவது 55,000. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இங்கே பழமொழி இல்லை, மாதாந்திரக் கணக்கு.

பணம் மட்டும் என்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். சம்பளம் நிற்கும்போதுதான் உண்மையான ஆபத்து. ஏஜென்சி ஊதியம் தராவிட்டால் வேலை வாங்கும் நிறுவனம், அதாவது பிரின்ஸிபல் எம்ப்ளாயர், தந்துவிட்டு ஏஜென்சியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. ஆனால் அதைக் கேட்கப் போகும்போது உங்கள் கையில் இருக்கும் கடிதத்தில் அலுவலகத்துக்கே தெரியாத ஒரு கம்பெனியின் பெயர் இருந்தால், "இவர் யாரென்றே எங்கள் கோப்பில் இல்லையே" என்று முதல் நாளே கதவைச் சாத்திவிடுவார்கள். ஓராண்டாக அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தவரிடம்தான் இப்படிச் சொல்வார்கள்.

அலுவலகங்கள் மீது எனக்குள்ள கோபமும் இதுதான். பில்லைப் பாஸ் செய்வதற்கு முன் போன மாத பிஎஃப் சலானைக் காட்டு, இவர் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறியதற்கு அத்தாட்சி காட்டு என்று கேட்க ஒரு அதிகாரிக்கு ஐந்து நிமிடம் ஆகுமா? கேட்பதில்லை. "அது உங்களுக்கும் ஏஜென்சிக்கும் உள்ள விஷயம்" என்று ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அடிமாட்டு ரேட் சொன்னவருக்கு எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவர், என்று மகுடம் சூட்ட மட்டும் கோப்பு பறக்கும். ஏறக்குறைய லாபமே வேண்டாம் என்று ஏலம் கேட்கிற ஏஜென்சி தர்மத்துக்கா தொழில் நடத்துகிறது? அது எங்கிருந்து எடுக்கும் என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

ஜிஎஸ்டி விஷயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஏஜென்சி அலுவலகத்துக்குப் போடும் பில்லின் மேல் 18 சதவீதம் சேர்த்து வாங்குகிறது. லட்சத்துக்கு 18,000 என்றால் அதைக் கட்டுவது அலுவலகம். சம்பளம் வாங்குபவரிடம் ஜிஎஸ்டி கழிக்க ஒன்றுமில்லை. கழிக்கிறோம் என்று சொல்பவர் ஒன்று உங்களை ஏமாளி என்று நினைக்கிறார், அல்லது உங்களைச் சம்பளக்காரராகக் காட்டாமல் 'கன்சல்டன்ட்' என்று காட்டப் பார்க்கிறார். டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரியை, சம்பளத்துக்குப் பிடிப்பீர்களா, தொழில்முறைக் கட்டணத்துக்குப் பிடிப்பீர்களா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாவற்றையும் ஒரே வீச்சில் துண்டித்துவிட்டார்கள் என்று பொருள்.

இனி பிஎஃப். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. எல்லா ஏஜென்சியும் அதைத்தான் கேடயமாகப் பிடிக்கும் என்பதால் பொறுமையாகப் படியுங்கள். புதிதாக வேலையில் சேரும் ஒருவரின் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 15,000 ரூபாயைத் தாண்டினால், அவர் அதுவரை பிஎஃப் உறுப்பினராக இல்லாத பட்சத்தில், அவரைச் சேர்ப்பது கட்டாயமில்லை. 'பிஎஃப் கிடையாது' என்று உங்களிடம் சொன்னவர் இதை நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நீங்கள் மூன்றரை ஆண்டு தனியார் நிறுவனத்தில் இருந்திருக்கிறீர்கள். அங்கே பிஎஃப் பிடித்திருந்தால் உங்களுக்கு யுஏஎன் என்ற பிஎஃப் உறுப்பினர் எண் இருக்கும். அந்தக் கணக்கை நீங்கள் முடித்துக்கொள்ளாமல் வைத்திருந்தால் நீங்கள் இன்னமும் உறுப்பினர்தான். உறுப்பினரான பிறகு சம்பளம் எவ்வளவு ஏறினாலும் விலக்கு கிடையாது. ஏஜென்சி அதிகபட்சம் செய்யக்கூடியது, பங்களிப்பை 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டு நிறுத்திக்கொள்வது. அப்படிப் பார்த்தாலும் 12 சதவீதம் 1,800 ரூபாய், அதே அளவு அவர்கள் பங்கும் வர வேண்டும். அந்த அவர்கள் பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. முந்தைய வேலையை விட்டதும் மொத்தப் பணத்தையும் எடுத்துக் கணக்கை மூடிவிட்டீர்கள் என்றால் மட்டும் ஏஜென்சி சொல்வதில் கொஞ்சம் பலம் இருக்கிறது. அதனால் முதலில் உங்கள் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பிறகு சம்பளப் பிரிவினையைக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளத்தை 14,000 என்று போட்டு மீதியை அலவன்ஸ் என்று பரப்பியிருந்தால், அந்த விதிவிலக்கைச் சொல்லும் தகுதியையே அவர்கள் இழந்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் லாபம் பார்க்க முடியாது.

டிகிரி ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், காட்டிய கையோடு திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு மிகவும் கவலை தருவது: உங்கள் பெயரில் அலுவலகத்துக்குப் போன பயோடேட்டாவின் நகலை வாங்கிப் பாருங்கள். ரேட் அனுபவத்தைப் பொறுத்து ஏறுவதால், மூன்றரை ஆண்டை ஐந்தரை ஆக்கி அனுப்பும் வேலை சர்வசாதாரணமாக நடக்கிறது. நடுவில் இருப்பவர் செய்தாலும் கீழே இருப்பது உங்கள் பெயர். சரிபார்ப்பில் சிக்கினால் ஏஜென்சி "அவர் கொடுத்ததைத்தான் அனுப்பினோம்" என்று கையை விரித்துவிடும், வேலை போவது உங்களுக்கு. நேர்காணலில் நீங்கள் சொல்லாத ஒரு புராஜெக்டைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இது நாளைக்கு நிரந்தரமாகும் என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். தற்காலிகமாக வேலை பார்த்ததாலேயே அரசுப் பணியில் நிரந்தரம் கோரும் உரிமை வராது என்று 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்களோ அலுவலகத்தின் நேரடி ஊழியர்கூட இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: பட்டியல் ஏஜென்சிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசாதீர்கள். வொர்க் ஆர்டர் எண், அது முடியும் தேதி, உங்கள் பெயரில் அனுப்பிய பயோடேட்டா, அவர்கள் பெயரிலேயே நியமனக் கடிதம், சம்பளப் பிரிவினை ஆகியவற்றைக் கேளுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலை உங்களை நேர்காணல் செய்த அதிகாரிக்கு அனுப்பி, "என்னை வேலைக்கு வைப்பது எந்த நிறுவனம் என்று உறுதிப்படுத்துங்கள்" என்று ஒரே வரி சேருங்கள். எழுத்தில் கேட்டால் அவர் பதில் சொல்லாமல் நழுவுவது கடினம். ரேட் என்ன என்று தெரிய வேண்டுமானால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். வணிக ரகசியம் என்று திருப்பி அனுப்பினால் மேல்முறையீடு செய்யுங்கள், அரசுப் பணத்தில் கொடுக்கும் மாத ரேட்டில் ரகசியம் எங்கே இருக்கிறது? ஆனால் அந்தப் பதிலுக்காகச் சேரும் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். நியமனக் கடிதம் சரியான பெயரில் வந்துவிட்டால் மற்றதை உள்ளே போன பிறகும் கேட்கலாம்.