இரண்டு கணக்கிலும் காணாமல் போகிறவர்கள்

வணக்கம்.

டெக்சாஸில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இந்த வருடம் என்னைப் பதவி உயர்வுக் குழுவில் போட்டிருக்கிறார்கள். ஐந்து பேர் கொண்ட குழு. எங்கள் பிரிவில் ஒரு கறுப்பினப் பெண் பொறியாளர் இருக்கிறார், வேலையில் குறை சொல்ல முடியாதவர். மேனேஜர் பதவிக்கு இரண்டு முறை அவர் பெயர் வந்தது. இரண்டு முறையும் ‘இன்னும் தயாராகவில்லை’ என்று தள்ளிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் தலைமைத் தோரணை போதாது, பேச்சு கொஞ்சம் கடுமை என்கிறார்கள். ஹெச்.ஆரிடம் கேட்டேன். பெண்கள் கணக்கும் சரியாக இருக்கிறது, கறுப்பினத்தவர் கணக்கும் சரியாக இருக்கிறது என்று அட்டவணையைக் காட்டினார்கள். அது பொய் என்றும் எனக்குத் தோன்றவில்லை, முழு உண்மை என்றும் தோன்றவில்லை. நானே வெளியிலிருந்து வந்தவன். குழுவில் ஒருவனாக நான் என்ன செய்ய முடியும்? பெயரை மறைத்து ரெஸ்யூமே பார்க்கும் முறை உதவுமா?

எஸ்., டெக்சாஸ்

*

அன்புள்ள எஸ்.,

ஹெச்.ஆர். காட்டிய அட்டவணையில் ஒரு எண்கூடத் தப்பில்லாமல் இருந்தும் அந்தப் பெண்ணுக்கு அநியாயம் நடந்திருக்கலாம். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டால் விளங்கும். 400 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையின ஆண், கறுப்பின ஆண், வெள்ளையினப் பெண், கறுப்பினப் பெண் என ஒவ்வொரு பிரிவிலும் 100 பேர். பதவி உயர்வு பெற்றவர்கள் முறையே 30, 28, 28, 20. ஆண்களில் 200க்கு 58, அதாவது 29 சதவீதம். பெண்களில் 200க்கு 48, அதாவது 24 சதவீதம். 24ஐ 29ஆல் வகுத்தால் ஏறக்குறைய 83 சதவீதம் வருகிறது. அமெரிக்காவில் 1978லிருந்து ‘ஐந்தில் நான்கு’ என்றொரு அளவுகோல் இருக்கிறது. ஒரு பிரிவின் தேர்வு விகிதம் அதிகம் தேறிய பிரிவின் விகிதத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தத் தேர்வு முறையைச் சந்தேகிக்க வேண்டும் என்பார்கள். 83 என்பதால் பெண்கள் கணக்கு தேறிவிட்டது. இன வாரியாகக் கூட்டினாலும் அதே 58, அதே 48. அதுவும் தேறிவிட்டது. இப்போது கறுப்பினப் பெண்களை மட்டும் வெள்ளையின ஆண்களோடு நேராக வைத்துப் பாருங்கள். 30க்கு 20, வெறும் 67 சதவீதம். பெண்கள் என்ற வரிசையில் வெள்ளையினப் பெண்களின் எண்ணும், கறுப்பினத்தவர் என்ற வரிசையில் கறுப்பின ஆண்களின் எண்ணும் அவர்களை மறைத்துவிட்டன.

நீதிமன்றமே இதில் இடறியிருக்கிறது. செயின்ட் லூயிஸில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 1964க்கு முன்பு கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை. எழுபதுகளின் மந்தத்தில் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே என்ற பணிமூப்பு விதியைப் பிடித்தார்கள். 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. எம்மா டிகிராஃபன்ரீடும் இன்னும் நான்கு பெண்களும் வழக்குப் போட்டார்கள். 1976ல் தீர்ப்பு வந்தது. நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறதே, ஆகவே பெண் பாகுபாடு இல்லை என்றார் நீதிபதி. எடுத்த அந்தப் பெண்கள் வெள்ளையினத்தவர். இனப் பாகுபாட்டுக்கு ஏற்கெனவே வேறொரு வழக்கு நடக்கிறது, அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள் என்றார். இரண்டையும் சேர்த்துக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்பதுதான் அதன் சாரம். சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989ல் எழுதிய கட்டுரையில் இந்தத் தீர்ப்பைப் பிரித்துக் காட்டிய பிறகே இதில் உள்ள ஓட்டை பரவலாகத் தெரியவந்தது.

டெக்சாஸில் இருக்கும் உங்களுக்கு இன்னொரு வழக்கு முக்கியம். ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில், பதவி உயர்வு மறுக்கப்பட்ட ஒரு கறுப்பினப் பெண் தொடுத்தது. கறுப்பின ஆண்களுக்கோ வெள்ளையினப் பெண்களுக்கோ பாகுபாடு காட்டாத இடத்திலும் கறுப்பினப் பெண்களுக்குப் பாகுபாடு இருக்கலாம் என்று ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1980ல் சொல்லிவிட்டது. உங்கள் மாநிலம் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. இரண்டு வரிசையும் சரியாக இருக்கிறது என்ற ஹெச்.ஆரின் பதில் அங்கே போதாது.

எனவே ஹெச்.ஆரிடம் மேலே சொன்ன நான்கு பிரிவாகப் பிரித்த கணக்கைக் கேளுங்கள். மொத்த நிறுவனத்துக்கு அல்ல, ஒவ்வொரு பதவிப் படிக்கும் தனித்தனியாக. முதல் படியிலேயே சறுக்கல் பெரிது. மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும் பெண்களின் முன்னேற்றத்துக்கான லீன் இன் அமைப்பும் சேர்ந்து வெளியிடும் ஆண்டறிக்கையில் 2023ல், தொடக்கநிலையிலிருந்து மேனேஜராக உயர்ந்த ஒவ்வொரு 100 ஆண்களுக்கும் 87 பெண்கள். கறுப்பினப் பெண்களை மட்டும் எடுத்தால் 54. அந்தப் படியில் விட்டதை மேலே எந்தப் படியிலும் பிடிக்க முடியாது, ஏனென்றால் இயக்குநர்களை மேனேஜர்களிலிருந்துதான் எடுக்கிறார்கள். உங்கள் பிரிவில் ஆட்கள் குறைவு என்றால் ஒரு வருடக் கணக்கில் ஒன்றும் தெரியாது. நான்கைந்து வருடத்தைச் சேர்த்துக் கேளுங்கள். உயர்வு பெற்றவர்கள் அதற்கு முந்தைய நிலையில் எத்தனை மாதம் காத்திருந்தார்கள் என்பதையும் கேளுங்கள். விகிதம் சரியாக இருந்து காத்திருப்பு மட்டும் நீளமாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. ஆட்கள் மிகக் குறைவு, காட்டினால் இன்னார் என்று தெரிந்துவிடும் என்று மறுத்தால் அந்த மறுப்பில் நியாயம் உண்டு. அப்போது எண்ணை விட்டுவிட்டு, எழுதி வைத்திருக்கும் மதிப்பீட்டுக் குறிப்புகளைப் படியுங்கள்.

இனி உங்கள் குழுவுக்கு வருவோம், உங்கள் கையில் உள்ளது அதுதான். பாகுபாடு வெறுப்போடு வந்து உட்காரும் என்று எதிர்பார்க்காதீர்கள். விதி எழுதப்படாத இடங்களில்தான் அது புகுந்துகொள்கிறது. எரிக் ஊல்மன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005ல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். காவல்துறைத் தலைவர் பதவிக்கான விண்ணப்பங்கள், சிலவற்றில் ஆண் பெயர், சிலவற்றில் பெண் பெயர். சிலவற்றில் படிப்பு அதிகம், சிலவற்றில் தெரு அனுபவம் அதிகம். ஆணுக்குப் படிப்பு இருந்தபோது, இந்தப் பதவிக்குப் படிப்பு முக்கியம் என்றார்கள். அந்தப் படிப்பு அவனிடம் இல்லாதபோது அதன் மதிப்பு இறங்கிவிட்டது. ஆளைப் பார்த்த பிறகு அளவுகோலை வளைத்தார்கள், வளைக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். எந்தத் தகுதிக்கு எவ்வளவு மதிப்பு என்று விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானிக்கச் சொன்னபோது இந்தச் சாய்வு மறைந்தது.

இதை அப்படியே உங்கள் குழுவுக்குக் கொண்டுபோகலாம். பெயர்ப் பட்டியல் வருவதற்கு முன்பே கூடி, நான்கு அல்லது ஐந்து தகுதிகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் என்று அன்றைக்கே முடிவு செய்து தேதி போட்டு எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு தகுதிக்கும் 1, 3, 5 மதிப்பெண் என்றால் என்ன என்பதை நடந்த செயலாக எழுதுங்கள். ‘பிணக்கைத் தீர்ப்பது’ ஒரு தகுதி என்றால்: இரண்டு குழுக்களுக்கு இடையிலான தகராறைத் தானே பேசி, தேதியோடு எழுத்துப்பூர்வ முடிவுக்குக் கொண்டுவந்தவருக்கு 5. பேச்சைத் தொடங்கி, மேலதிகாரி வந்து முடித்துவைத்தால் 3. பிரச்சினை தெரிந்தும் ஒதுங்கிக்கொண்டால் 1. ‘தலைமைத் தோரணை’யை இப்படி எழுத முயன்று பாருங்கள். முடியாது. எழுத முடியாத தகுதி பட்டியலில் இருக்கக் கூடாது.

ஐந்து பேரும் கூட்டத்துக்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒருவரிடம் அனுப்பிவிட வேண்டும். கூட்டத்தில் அவற்றைத் திறந்து, இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் உள்ளவற்றை மட்டும் பேசுங்கள். பதவியில் இளையவர் முதலில் பேசட்டும். மதிப்பெண்ணை மாற்றுபவர் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். இந்த ஏற்பாடு எங்கே கெட்டுப்போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். படிவத்தின் அடியில் ‘மொத்த மதிப்பீடு’ என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லோரும் அதை முதலில் நிரப்பிவிட்டு, அதற்கு ஏற்றபடி மேலே உள்ளதைப் போடுவார்கள். அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள், கூட்டலைக் கணினி போடட்டும். இன்னொன்று, ‘அவங்க ரெடியா?’ என்று காபி மெஷின் பக்கத்தில் கேட்டு முடிவு செய்துவிட்டு உள்ளே வருவது. மதிப்பெண்ணை முன்னாடியே வாங்கி வைத்தால் இதற்குப் பாதி மருந்து ஆகிறது. முழு மருந்து கிடையாது.

‘இன்னும் தயாராகவில்லை’ என்று யாராவது சொன்னால் அமைதியாக நான்கு கேள்வி கேளுங்கள். எந்தத் தகுதியில்? எந்தச் சம்பவத்தில் தெரிந்தது? எதைச் செய்து காட்டினால் தயார் என்று ஒப்புக்கொள்வோம்? எப்போதுக்குள்? பதில் இருந்தால் அதை எழுதி அந்தப் பெண்ணிடமே கொடுக்க வேண்டும். அடுத்த முறை அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும், புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. பதில் இல்லையென்றால் அந்தக் கருத்தைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம். ‘பேச்சு கடுமை’ என்பதற்கும் இதே வழிதான்: எந்தக் கூட்டம், என்ன வாக்கியம், அதனால் என்ன கெட்டது? கையோடு, போன வருடம் உயர்வு பெற்ற ஆண் அதே மாதிரிக் கூட்டத்தில் எப்படிப் பேசினார் என்றும் கேளுங்கள்.

அவர் பொறுப்பில் இருந்த ஏதாவது ஒரு திட்டம் தோற்றிருந்தால் கூடுதல் கவனம் தேவை. நிறுவனம் சறுக்கிய சூழலில் கறுப்பினப் பெண் தலைவர்களை, கறுப்பின ஆண்களையும் வெள்ளையினப் பெண்களையும்விடக் கடுமையாக எடைபோடுகிறார்கள் என்று ஆஷ்லி ரோசெட், ராபர்ட் லிவிங்ஸ்டன் இருவரும் 2012ல் காட்டினார்கள். தோல்வியில் அவர் கையில் இருந்தது எது, அவருக்கு மேலே முடிவானது எது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

பெயரை மறைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளியிலிருந்து ஆள் எடுக்கும்போது முதல் சல்லடையில் அது உதவும். பாஸ்டனிலும் சிகாகோவிலும் மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரும் ஏறக்குறைய 5000 ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2004ல் வெளிவந்த ஆய்வு. வெள்ளையினப் பெயர் போட்டவற்றுக்கு 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. ஆனால் பெயர் போனாலும் தடயம் போகாது. ஹோவர்ட், ஸ்பெல்மன் என்று கறுப்பினத்தவர் அதிகம் படிக்கும் கல்லூரியின் பெயர் இருக்கும், கறுப்பினப் பொறியாளர் சங்கத்தில் வகித்த பொறுப்பு இருக்கும். 2016ல் வெளியான ஒரு ஆய்வில், இனம் தெரியும் தடயங்களை அழித்த கறுப்பினத்தவர் ரெஸ்யூமேக்களுக்கு 25 சதவீத அழைப்பு, அழிக்காதவற்றுக்கு 10 சதவீதம். ஆசியர்களுக்கு 21 சதவீதம், 11.5 சதவீதம். நீங்கள் வெளியாள் என்று சொன்னது அந்த அளவில் உண்மைதான். ஆனாலும் குழுவில் உட்காரும்போது நாம் ஊரிலிருந்து சுமந்துவரும் நிறப் பார்வையும் கூடவே வந்து உட்காருகிறது. அதற்கும் அந்த எழுதிய அளவுகோல்தான் கடிவாளம். உங்கள் பிரச்சினை உள்ளேயே நடக்கும் பதவி உயர்வு. அவரை எல்லோருக்கும் தெரியும், பெயரை மறைத்து ஒரு பயனும் இல்லை.

அதைவிட, யாருக்கு எந்த வேலை போகிறது என்று பாருங்கள். கூட்டக் குறிப்பு எடுப்பது, புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, விழா ஏற்பாடு, பன்மைத்துவக் குழுவில் முகம் காட்டுவது. உயர்வுக்கு எண்ணிக்கையில் வராத இந்த வேலைகளைப் பெண்களிடமே அதிகம் கேட்கிறார்கள், கேட்டால் ஒப்புக்கொள்வதும் அவர்களே அதிகம். ஒரு எக்செல் தாளில் மூன்று மாதத்துக்கு எழுதி வையுங்கள்: வேலை, யார் செய்தது, எத்தனை மணி நேரம், யார் ஒப்படைத்தது. வாடிக்கையாளர் முன் நிற்கும் வேலை, பட்ஜெட் கையில் இருக்கும் வேலை யாருக்குப் போனது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். பிறகு சுழற்சி முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். ‘யார் செய்றீங்க?’ என்று பொதுவாகக் கேட்பது சுழற்சி ஆகாது.

ஒரு எச்சரிக்கை. நம் ஊர் இட ஒதுக்கீட்டை மனதில் வைத்து, இந்தப் பதவியைக் கறுப்பினப் பெண்ணுக்குக் கொடுப்போம் என்று கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். அங்கே 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் தலைப்பு, இனத்தையோ பாலினத்தையோ பார்த்து ஒருவருக்குப் பதவி கொடுப்பதையும் தடுக்கிறது. பெரும்பான்மை இனத்தவரோ பாலினத்தவரோ வழக்குப் போட்டால் கூடுதல் நிரூபணம் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் சொல்லிவிட்டது. நான் மேலே சொன்ன எல்லாமே எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே மாதிரி பொருந்தும் நடைமுறை. அதில் யாரும் குறை காண முடியாது, அந்தப் பெண்ணுக்குத் தேவையானதும் அதுதான்.

கடைசியாக, நாள் கணக்கு. மறுக்கப்பட்ட ஒவ்வொரு உயர்வும் தனிச் சம்பவம். சேதி அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். டெக்சாஸில் மாநில அமைப்பிடம் புகார் செய்ய 180 நாள், மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 300 நாள். நிறுவனத்துக்குள் மேல்முறையீடு நடக்கிறது என்பதற்காகக் கடிகாரம் நிற்காது, பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இனப் பாகுபாட்டுக்கு மட்டும் 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இதைவிட நீண்ட அவகாசம் உண்டு, பெண் என்ற காரணத்துக்கு அது பொருந்தாது. புகார் செய்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு, நீங்கள் அவருக்காக முடிவெடுக்க வேண்டாம். நாள் கணக்கை மட்டும் சொல்லி, வேலைச் சட்ட வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். குழுவில் நீங்கள் எழுப்பும் ஆட்சேபத்தை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி ஹெச்.ஆருக்கு அனுப்பிவிடுங்கள். பாகுபாட்டை நல்லெண்ணத்தோடு எதிர்த்ததற்காக உங்களைப் பழிவாங்குவதையும் அதே ஏழாம் தலைப்பு தடுக்கிறது. நீங்கள் எதிர்த்தீர்கள் என்று காட்ட தேதியோடு ஒரு காகிதம் வேண்டும்.